இறக்கத்தில் பிரேக் கருகுகிறது: பின் டிரம்மை டிஸ்காக மாற்றலாமா?

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாகக் கண்டிக்கு 5 பேரோடு இறங்கினால் புசல்லாவைக்கு வருமுன்னே கருகிய மணம் வருகிறது, பெடல் பஞ்சு போல அமுங்குகிறது. கார் 2008 சுசுகி ஸ்விப்ட் 1.3, பின்னால் டிரம், அதாவது சில்லோடு சுற்றும் குடுவைக்குள் சூ என்ற வளைந்த கட்டைகள் விரிந்து பிடிக்கும் வகை. கராஜில் ஸ்விப்ட் ஸ்போர்ட்டின் டிஸ்க் அச்சு (சுற்றும் தட்டை இரு பக்கமும் பேட் நெருக்கிப் பிடிக்கும் வகை) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார்கள், அது பொருந்துமா, என்னென்ன சாமான் வேண்டும் என்று கேட்கிறீர்கள். அதைப் போட்டால் இறக்கத்தில் பிரேக் கைவிடாதா என்பதுதான் நீங்கள் எழுதாமல் விட்ட கேள்வி. பொருத்தலாம், ஆனால் கராஜில் சொன்னதைவிடச் சாமான் அதிகம் வேண்டும். இறக்கத்துப் பயம் மட்டும் அதனால் தீராது. உங்கள் பெடல் பஞ்சாவதற்குக் காரணம் பெரும்பாலும் முன் சில்லுகளில்தான் இருக்கிறது.

ஏன் என்று கணக்கில் பார்ப்போம். நுவரெலியா 1868 மீற்றர் உயரம், கம்பளை ஏறத்தாழ 500 மீற்றர். எந்தக் காரும் 100 மீற்றர் கீழே இறங்கும்போது விடும் சக்தி, அதே காரை மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்திலிருந்து இரண்டரைத் தடவை நிறுத்தும் சக்திக்குச் சமம். எடை கூடினாலும் குறைந்தாலும் இந்த விகிதம் மாறாது. அந்தக் கணக்கில் கம்பளைக்கு இறங்குவது, 100 கிலோமீற்றர் வேகத்திலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட தடவை நிறுத்துவதற்குச் சமம். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். கியரில் விட்டால் எஞ்சின் நன்றாகவே வாங்கிக்கொள்ளும். மிச்சமெல்லாம் பிரேக்கில் சூடாகத்தான் போய்ச் சேர வேண்டும். முன்சில்லு இழுக்கும் சின்னக் காரில் அந்தச் சூட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு முன் பிரேக்கில் விழும், இறக்கத்தில் எடையும் முன்னுக்குச் சாய்கிறது. பின்னால் எவ்வளவு நல்ல டிஸ்க் போட்டாலும் அந்த முக்கால் பங்கு முன்னால்தான்.

பிரேக் பல விதமாகப் போகும், எது எது என்று கால் சொல்லிவிடும். பெடல் கல்லுப்போல இருக்கிறது, அமத்தினாலும் கார் நிற்கமாட்டேன் என்கிறது என்றால் பேட் அல்லது லைனிங் (சூவின் மேல் உரசும் படை) சூட்டில் பிடி இழந்துவிட்டது. பெடல் பஞ்சாகிக் கீழே போகிறது, இரண்டு மூன்று தடவை பம்ப் பண்ணினால் கொஞ்சம் மேலே வருகிறது, ஆறிய பிறகு ஒன்றும் நடக்காதது போல இருக்கிறது என்றால் பிரேக் ஒயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது. சூடில்லாத நேரத்திலும் காலை அழுத்தி வைத்திருக்கப் பெடல் மெல்ல மெல்ல இறங்குகிறது என்றால், வெளியே எங்கும் கசிவு இல்லாவிட்டால், மாஸ்டர் சிலிண்டரில் (பெடலை அமத்த ஒயிலைத் தள்ளும் பகுதி) வாஷர் போயிருக்கும். நீங்கள் எழுதியது இரண்டாவது வகை.

பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். வருடத்தில் பாதி நாள் மூடுபனிக்குள் நிற்கும் காரில் ரப்பர் ஹோஸ் வழியாகவும் மூடி வழியாகவும் அது நடந்துகொண்டே இருக்கும். டொட் 3 (ஒயிலின் தரக்குறி) ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியசில்தான் கொதிக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறியபின் அது 140 பாகை. டொட் 4க்கு 230, ஈரம் ஏறினால் 155. டொட் 5.1க்கு 260, ஈரம் ஏறினால் 180. டொட் 5 என்று தனியே விற்பது சிலிக்கோன் ஒயில், உங்கள் காருக்கு அது ஆகாது, மற்றவற்றோடு கலக்கவும் கூடாது. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஒயில் அதிகமாகக் கொதிப்பது ஓடும்போது அல்ல, நிறுத்திய பிறகு. இறம்பொடையில் தேநீருக்கு நிறுத்துகிறீர்கள், காற்றோட்டம் நின்றுவிடுகிறது, டிஸ்கில் இருந்த சூடு பேட் வழியாக அதைத் தள்ளும் பிஸ்டனுக்கும் ஒயிலுக்கும் ஏறுகிறது. 10 நிமிடம் கழித்து வண்டியை எடுத்தால் முதல் முடக்கிலேயே பெடல் தரைக்குப் போகிறது. அதனால் சூடாக இறங்கி வந்து உடனே நிறுத்தாமல், கடைசி ஓரிரு கிலோமீற்றரைப் பிரேக் தொடாமல் சின்னக் கியரில் ஓட்டி ஆறவிட்டு நிறுத்துங்கள். மறுபடி கிளம்பும்போது நின்ற இடத்திலேயே பெடலை மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் அசையுங்கள்.

அடுத்து உங்கள் டிரம்கள். அவை கெட்டவை என்று முடிவெடுக்குமுன் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். மலைப்பக்கத்து ஈரத்திலும் மண்ணிலும் டிரம்முக்குள் தேய்வுக்கேற்பச் சூவை நெருக்கி வைக்கும் தானியங்கி அட்ஜஸ்டர் இறுகிப்போவது மிகச் சாதாரணம். இறுகினால் சூ தேயத் தேய இடைவெளி கூடும், பெடலின் பாதிப் பயணம் அந்த இடைவெளியை மூடவே போகும், பின் பிரேக் பெயருக்குத்தான் பிடிக்கும், அதன் பங்கும் சேர்ந்து முன்னால் கருகும். காரை ஜக் ஸ்டாண்டில் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு டிரம்மைக் கழற்றுங்கள். வராவிட்டால் சுத்தியலால் அடிக்க வேண்டாம். பல கார்களில் டிரம் முகத்தில் இரண்டு மரைத்துளை இருக்கும், அதில் 8 மி.மீ. போல்ட் இரண்டை மாறி மாறி இறுக்கினால் தானாக வெளியே வரும். பெயரிங்கும் டிரம்மும் ஒன்றாக இருக்கும் வகை என்றால் நடு நட்டைக் கழற்ற வேண்டும், பூட்டும்போது புது நட் போட்டு டோர்க் ரென்ச்சால்தான் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இறுக்க வேண்டும். உள்ளே இருக்கும் தூளை வாயால் ஊதாதீர்கள், பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள். சூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை ஒரு ஓரமாக விலக்கிப் பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் சிலிண்டர் மாற்றத்தான் வேண்டும். லைனிங்கில் 1 மி.மீ. மட்டுமே மிச்சம் இருந்தால் முடிந்தது. டிரம்மின் உச்ச விட்டம் அதிலேயே வார்த்திருக்கும், அதைத் தாண்டியிருந்தால் லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தச் சொல்லாதீர்கள், மாற்றுங்கள். அட்ஜஸ்டரின் மரையைக் கழற்றிக் கழுவி, சூடு தாங்கும் கிரீஸ் மிகக் கொஞ்சம் பூசி, டிரம்மைப் போட்டுச் சில்லைச் சுற்றும்போது மெல்ல உரசும் சத்தம் கேட்கும் வரை திறந்து, பிறகு உரசல் விடும் அளவுக்குப் பின்னுக்குத் திருப்புங்கள். ஹேண்ட் பிரேக் கேபிளைச் சரிபண்ணுவது இதற்குப் பிறகு. முதலில் கேபிளை இறுக்கி ஹேண்ட் பிரேக்கைச் சரிக்கட்டும் பழக்கம் பல கராஜில் உண்டு. அப்படிச் செய்தால் அட்ஜஸ்டர் வேலை செய்வதே நின்றுவிடும்.

முன்னால் செய்ய வேண்டியது சுருக்கம். பேட்டுகளை டிஸ்கில் நெருக்கும் கலிப்பரின் வழுக்கும் பின்கள் கையால் தள்ள நகர வேண்டும், இறுகியிருந்தால் உள்பேட் மட்டும் கருகும். பிஸ்டன் ரப்பர் கிட், பெயர் தெரிந்த கம்பெனியின் பேட், டிஸ்கின் தடிப்பை மைக்ரோமீற்றரால் அளந்து அதில் பொறித்திருக்கும் குறைந்த தடிப்போடு ஒப்பிடுவது, பழைய ஒயில் முழுவதையும் வெளியேற்றி டொட் 4 விடுவது. 1 லீற்றர் போதும், சீல் உடைத்து வைத்திருந்த போத்தல் வேண்டாம். பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள். இவ்வளவையும் செய்து, இறங்கும்போது கியரில் இறங்கினால் உங்கள் பிரச்சினை போய்விடும் என்பது என் கணிப்பு. ஏறிய கியரிலேயே இறங்குவது பழைய லொறிக்காரர் கணக்கு, இன்றைக்கும் அது சரிதான். பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுபவர்களுக்கு ஒன்று: இன்ஜெக்‌ஷன் எஞ்சின் கியரில் இறங்கும்போது பெற்றோலை அறவே நிறுத்திவிடும், நியூட்ரலில் விட்டால்தான் ஐடிலுக்குக் குடிக்கும்.

இனி டிஸ்க் மாற்றத்துக்கு வருவோம். அதனால் பயனில்லை என்று சொல்ல வரவில்லை. டிரம் சூடானால் விரிந்து சூவை விட்டு விலகும், பெடல் நீளும். டிஸ்க் சூடானால் பேட் பக்கமாகத் தடிக்கும், அந்தக் குறை அதற்கு இல்லை. மழைத்தண்ணீர் பட்டாலும் சில சுற்றில் வழிந்துவிடும். பேட் தேய்வைச் சில்லின் இடைவெளியால் பார்க்கலாம், மாற்றுவது அரைமணி வேலை. ஆனால் நிறுத்தும் தூரம் குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். டயர் பிடிக்கும் அளவுக்குமேல் எந்தப் பிரேக்கும் பிடிக்காது, உங்கள் டிரம் இன்றைக்கே அந்த எல்லையைத் தொடும்.

மாற்றத்தில் பெரிய ஆபத்து, பின்பிரேக் அளவுக்குமேல் பிடிப்பது. டிரம்மில் முன்சூ சுழலும் திசையிலேயே இழுபட்டுத் தானாக இறுகும், டிஸ்கில் அது இல்லை. அதை ஈடுகட்டத்தான் கலிப்பரில் பெரிய பிஸ்டன் வருகிறது. உதாரணத்துக்கு லைனில் 30 பார் அழுத்தம் என்று வையுங்கள். 17.46 மி.மீ. வீல் சிலிண்டரும் 200 மி.மீ. டிரம்மும் ஒரு சில்லில் சுமார் 140 நியூட்டன் மீற்றர் தரும். 34 மி.மீ. பிஸ்டன் உள்ள கலிப்பர், பேட்டின் நடு 110 மி.மீ. ஆரத்தில் உரசினால், ஏறக்குறைய 230 தரும். 30 மி.மீ. பிஸ்டன் என்றால் 175. உராய்வுக் குணகம் 0.38 என்று எடுத்துப் போட்ட கணக்கு இது, பேட் மாறினால் கொஞ்சம் மாறும். ஆனால் சங்கதி தெளிவு: கண்டபடி ஒரு கலிப்பரைப் போட்டால் பின்பிடி ஒன்றரை மடங்காகும். லபுக்கலை முடக்குகளில் மழைநேரத்தில் பின்சில்லு முதலில் பூட்டிக்கொண்டால் காரின் பின்பக்கம் வெளியே வந்துவிடும், சாதாரண ஓட்டுநரால் அதைப் பிடிக்க முடியாது. பின்னால் கூட்டினால் முன்னால் சூடு குறையுமே என்பார்கள். குறையும்தான், அதற்குக் கொடுக்கும் விலை இது. ஆகவே கலிப்பர் வரும் அதே காரின் புரொபோர்ஷனிங் வால்வும் (பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை மட்டுப்படுத்துவது) மாஸ்டர் சிலிண்டரும் சேர்ந்து வர வேண்டும். ஏபிஎஸ் (சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏற்பாடு) உள்ள காரில் பின் அழுத்தத்தைப் பங்கிடுவது கம்ப்யூட்டர் என்றால் சில்லுச் சுழற்சியைப் பார்த்து அது ஓரளவு சமாளிக்கும், ஆனால் அது டிரம்முக்காக எழுதப்பட்ட கணக்கு. உங்கள் காரில் எந்த வகை இருக்கிறது என்பதை நீங்கள் எழுதியதை வைத்துச் சொல்ல முடியாது, பொனட்டைத் திறந்து பைப்புகளைத் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

ஸ்விப்ட் ஸ்போர்ட் அச்சில் உடனே இடிக்கும் ஒன்று உண்டு. 2005 முதல் 2010 வரை ஜப்பானில் விற்ற ஸ்போர்ட்டுக்குச் சில்லில் 5 நட், நட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 114.3 மி.மீ. உங்கள் காருக்கு 4 நட், 100 மி.மீ. வட்டம். பின்னால் 5, முன்னால் 4 என்று ஓடினால் ஸ்பேர் சில்லு ஒன்று போதாது. இரவு வெல்லவாய வீதியில் பஞ்சரானால் அப்போது தெரியும். முன் ஹப்பும் (சில்லைப் பூட்டும் நடுப்பகுதி) 5 நட்டாக மாற்ற வேண்டும், அத்தோடு நான்கு ரிம். ஹப்பில் 4 துளை புதிதாகப் போட்டுத் தருகிறோம் என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 14 அங்குல ரிம்முக்குள் கலிப்பர் உரசாமல் நிற்குமா என்பதையும் பணம் கொடுக்குமுன் ரிம்மை அச்சில் வைத்துச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

கொழும்பின் பழைய வாகனச் சாமான் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையிலோ வேறெங்கோ அச்சு வாங்கினால் தனித்தனியாக வாங்காமல் முழுத் தொகுதியாக வாங்குங்கள்: அச்சு அல்லது ஸ்டப் (ஹப் ஏறும் முனை), ஹப், ஏபிஎஸ் சென்சர், வலது இடது கலிப்பர், அதைத் தாங்கும் பிராக்கெட், ஹேண்ட் பிரேக் கேபிள் இரண்டும், ரப்பர் ஹோஸ், வால்வு. சென்சர் பிளக் உங்கள் வயரிங்குக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பிஸ்டனின் ரப்பரைத் தூக்கிப் பாருங்கள், துருக்குழி இருந்தால் கிட் போட்டும் பயனில்லை. ஹேண்ட் பிரேக் நெம்பைக் கையால் இழுத்து விட்டால் ஸ்பிரிங் அதை முழுவதும் திருப்ப வேண்டும். ஜப்பானில் பனிப் பிரதேசத்தில் ஓடிய கார் என்றால் வீதியில் போடும் உப்பால் அச்சின் அடிப்பக்கம் அரித்திருக்கும், சுரண்டிப் பாருங்கள். டிஸ்க், பேட், ஹோஸ், செப்பு வாஷர் எல்லாம் புதிது.

பொருத்தும்போது பைப் நட்டை ஃப்ளேர் ஸ்பேனரால்தான் கழற்ற வேண்டும், சாதாரண ஸ்பேனர் மூலையை உருட்டிவிடும். பைப்பின் வாயை இரட்டை மடிப்பாகத்தான் அடிக்க வேண்டும், ஒற்றை மடிப்பு பிளந்துவிடும். கலிப்பர் இரண்டையும் வலம் இடம் மாற்றிப் பூட்டிவிட்டால் காற்று விடும் நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிடும். எத்தனை தடவை பிளீட் பண்ணினாலும் (காற்றை வெளியேற்றினாலும்) மேலே ஒரு குமிழ் தங்கி நிற்கும், பெடல் பஞ்சாகவே இருக்கும். இப்படி நடந்து மாஸ்டர் சிலிண்டரை வீணாக மாற்றியவர்கள் உண்டு. நிப்பிள் எப்போதும் உச்சியில் இருக்க வேண்டும். பிளீட் பண்ணும்போது பெடலைத் தரைவரை மிதிக்க வேண்டாம், அடியில் ஒரு கட்டை வையுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் வாஷர் வழமையாகப் போகாத இடத்தில் துரு இருக்கும், அங்கே போய் வந்தால் வாஷர் கிழியும்.

ஹேண்ட் பிரேக் கலிப்பருக்குள்ளேயே இருக்கும் வகையில் பிஸ்டனை நேரே தள்ளக் கூடாது, அதற்கான கருவியால் திருகி உள்ளே அனுப்ப வேண்டும். பிஸ்டன் முகத்திலுள்ள வெட்டில் பேட்டின் முதுகிலுள்ள முள் உட்கார வேண்டும், உட்காராவிட்டால் பேட் சாய்ந்து தேயும். கேபிளைப் பூட்டாமலே பிளீட் பண்ணி, பெடலைப் பல தடவை மிதித்து, பிஸ்டன் தன் இடத்துக்கு வந்தபிறகு கேபிளை மாட்டுங்கள். ஹேண்ட் பிரேக் விட்ட நிலையில் இரு நெம்பும் தங்கள் தடுப்பில் தொட்டு நிற்க வேண்டும். கேபிள் இறுக்கத்தால் நெம்பு அரை மி.மீ. தூக்கி நின்றாலும் உள்ளிருக்கும் அட்ஜஸ்டர் வேலை செய்யாது, சில வாரத்தில் பெடல் நீளும், பேட் கருகும்.

மலையில் வாழ்பவர் கட்டாயம் யோசிக்க வேண்டிய இடமும் இதுதான். இறக்கம் இறங்கிச் சூடாக வந்து சரிவில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுகிறீர்கள். டிரம் என்றால் ஆற ஆற அது சுருங்கிச் சூவை மேலும் இறுக்கும். டிஸ்க் ஆறும்போது மெலியும், பேட்டின் பிடி தளரும். நிறுத்தியபோது அசையாத கார், ஆள் இறங்கிப் போய்க் கால்மணி கழித்து மெல்ல உருளத் தொடங்கும். இது வெறும் வதந்தி இல்லை, பின் டிஸ்க் கார்களில் நடக்கும் விஷயம். எடையோடு நிற்கும் காரை 20 சதவீதச் சரிவில், அதாவது 5 மீற்றருக்கு 1 மீற்றர் உயரும் சரிவில், பார்க்கிங் பிரேக் பிடிக்க வேண்டும் என்பது ஐ.நா. வாகன விதி. தோட்டத்து வீதிகளில் அதைவிடச் செங்குத்து உண்டு. ஆகவே டிஸ்க் போட்டால் முழுக் கிளிக்குக்கு இழுங்கள், மேல்நோக்கி நின்றால் முதல் கியர், கீழ்நோக்கி நின்றால் ரிவர்ஸ், சில்லை மண்மேட்டுப் பக்கம் ஒடித்து, அடியில் கல்லோ கட்டையோ வையுங்கள். தெரிவு இருந்தால் டிஸ்கின் நடுக்குடுவைக்குள் சின்ன டிரம் சூ ஹேண்ட் பிரேக்குக்கென்று தனியாக உள்ள அச்சைத் தேடுங்கள், சரிவுக்கு அது பல மடங்கு மேல்.

உங்கள் கார் மொடலுக்கு டிஸ்க் அச்சே இல்லை, பிராக்கெட் வெட்டி வெல்டிங் போட்டுத் தருகிறோம் என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பிரேக்கின் முழு இழுவையையும் தாங்கும் துண்டு அது, வெல்டிங் பக்கத்து இரும்பு சூட்டில் பலமிழந்து வெடிக்கும். இதைப் படிக்கும் அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு: உங்கள் பிரேக்கில் கம்ப்யூட்டரும் பம்பும் இருக்கின்றன, ஸ்கேன் கருவி இல்லாமல் காற்றுக்கூட எடுக்க முடியாது. இந்த மாற்றத்தை நினைக்கவே வேண்டாம், நீண்ட இறக்கத்தில் பேட்டரி நிறைந்ததும் மோட்டார் பிடிப்பது குறையும் என்பதால் கியர் நெம்பை B நிலையில் (பார்க்கிங்கின் P அல்ல) வைத்து இறங்குங்கள். வேன்களில் பின் அச்சுக்கும் வேனின் உடலுக்கும் நடுவே கம்பியால் இணைந்த சுமை உணரும் வால்வு இருக்கும், ஸ்பிரிங் மாற்றினாலோ அச்சு மாற்றினாலோ அதைத் திரும்ப அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

எல்லாம் பூட்டியபின் புது பேட்டைப் பதப்படுத்த வேண்டும். 60 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 10க்கு, முழுதாக நிறுத்தாமல், நடுத்தர அழுத்தத்தில் இருபது முப்பது தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஆறவிட்டு. மலையில் சமமான வீதி தேடுவதே ஒரு வேலை, கிரகரி வாவிப் பக்கம் விடியற்காலையில் முயலலாம். பிறகு ரோலர் டெஸ்டர் (சில்லை உருளைமேல் சுற்றவிட்டுப் பிரேக்கின் பிடியை அளக்கும் கருவி) உள்ள இடத்தில் முன் அச்சு, பின் அச்சு, வலம், இடம் என்று அளந்து தாளை வாங்கி வையுங்கள். அந்தத் தாளோடு காப்புறுதி நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் அறிவித்து அவர்கள் பதிலையும் எழுத்தில் பெறுங்கள். 500 கிலோமீற்றர் ஓடியதும் கலிப்பர் போல்ட்டுகளின் டோர்க், பைப் நட்டுகளில் ஈரம், இரண்டு பக்கமும் உள்பேட் வெளிபேட் ஒரே அளவில் தேய்கிறதா என்பது, ஹேண்ட் பிரேக் கிளிக் எண்ணிக்கை ஆகியவற்றை மறுபடி பாருங்கள். கிளிக் கூடியிருந்தால் கேபிளைத் தொடுமுன் நெம்பு தடுப்பில் உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் குனிந்து பாருங்கள்.